தண்ணீருக்கு மேல் எண்ணெய் வைத்தருளிய பெருமக்களுக்கு ஒரு வாழ்த்துரை

ஊர் குடிக்கும் தண்ணீருக்கு நேர் மேலே எரிபொருளைச் சேமித்து வைக்கலாம் என்று எண்ணுவதற்குச் சாதாரண அறிவு போதாது. தனித்த மேதைமை வேண்டும். அந்த மேதைமை அமெரிக்கக் கடற்படையின் மேன்மை தங்கிய பெருமக்களிடம் 1940-ஆம் ஆண்டிலேயே நிறைந்து ததும்பியது. ஹவாயின் ஓஆஹு தீவில், பேர்ல் ஹார்பருக்கு அருகே, ரெட் ஹில் என்னும் குன்றின் வயிற்றைக் குடைந்து, 1943-க்குள் 20 தொட்டிகளை உள்ளே எழுப்பி முடித்தார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 1.25 கோடி கேலன். நம் கணக்கில் சுமார் 4.7 கோடி லிட்டர். தொட்டிகளுக்குக் கீழே சுமார் 100 அடி ஆழத்தில், எரிமலைப் பாறையின் இடுக்குகளில், ஹொனலூலு மக்கள் குடிக்கும் நன்னீர் அமைதியாகத் தேங்கிக் கிடந்தது. போர்க்காலம் அது. வானிலிருந்து வரும் பகைவனிடமிருந்து எண்ணெயைக் காத்தார்கள் நம் பெருமக்கள். எண்ணெயிடமிருந்து தண்ணீரைக் காப்பது என்னும் சில்லறைக் கவலை அவர்களின் திருவுள்ளத்தைத் தீண்டவில்லை. வீரர்களுக்கு அதுவே அழகு.

போர் முடிந்தது. பகைவன் நண்பனானான். ஆனாலும் எடுத்த காரியத்தை இடையில் விடும் வழக்கம் உயர்ந்தோரிடம் இல்லையே! தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் உட்புறம் போர்த்திய கால் அங்குல எஃகுத் தகடும் அப்படியே இருந்தது. 1987-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்த நிலத்தடி நீரைத் தீவின் தென்பகுதிக்கு ஒரே குடிநீர் ஆதாரம் என்று அறிவித்தது. இது கெட்டால் மாற்று இல்லை என்பது அதன் பொருள். சிறியோர் இதைக் கேட்டால் இரவோடிரவாகத் தொட்டியைக் காலி செய்து ஓடியிருப்பார்கள். நம் பெருமக்களோ இமை கொட்டவில்லை. 1995-இல் அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கம் இந்தத் தொட்டிகளை வரலாற்றுச் சின்னம் என்று கொண்டாடியபோது, அந்தச் சின்னம் எண்ணெய் நிறைந்தபடியே மாலையை ஏற்றுக்கொண்டது.

பண்டை மன்னர்கள் தங்கள் புகழைக் கல்லின் மேல் பொறித்தார்கள். மேற்பரப்பில் வெட்டிய எழுத்து வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போகும் என்ற எளிய உண்மை அவர்களுக்குத் தெரியவில்லை. கடற்படைப் பெருமக்கள் தங்கள் புகழைக் கல்லின் உள்ளேயே எழுதினார்கள். 1990-களின் இறுதியில் தொடங்கி, தொட்டிகளுக்கு அடியில் துளையிட்டுப் பாறை மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, 20 தொட்டிகளில் 19-க்குக் கீழே பெட்ரோலியக் கறை கண்டார்கள். உருளை உருளையாக வெளியே வந்த அந்தக் கருங்கல் ஒவ்வொன்றும் ஒரு சாசனம். நுண்துளை ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. ஒரே ஒரு தொட்டி மட்டும் ஏனோ இந்தக் கொடையில் பங்கெடுக்காமல் கருமித்தனமாக நின்றிருக்கிறது. அந்தக் குறையைப் பெருமக்கள் பெரிதுபடுத்தவில்லை. கறை படிந்ததற்காகத் தொட்டிகளை மூடும் அற்பத்தனமும் அவர்களிடம் இல்லை. கண்காணிப்புக் கிணறுகள் தோண்டினார்கள், மாதிரி எடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள், அதன் பிறகு வழக்கம்போல் எண்ணெய் நிரப்பினார்கள். நோயைக் கண்டறிந்துகொண்டே நோய்க்குத் தீனியும் போடும் இந்தச் சமநோக்கு எந்த மருத்துவ நூலிலும் கிடைக்காது.

2014 சனவரியில் 5-ஆம் எண் தொட்டி தன் பெருந்தன்மையைக் காட்டியது. ஒப்பந்ததாரர் ஒருவர் அதைப் பழுது பார்த்து ஒப்படைத்திருந்தார். பழுது பார்த்த வெல்டிங்கிலேயே ஓட்டைகள் இருந்தன. மறுபடியும் எண்ணெய் நிரப்பும்போது எச்சரிக்கை மணி ஒலித்தது. மணி ஒலித்தால் ஓடிவருவது கோயில் யானையின் இயல்பு. ஆட்சி செய்வோரின் இயல்பு அன்று. கருவிதான் தவறாகச் சொல்கிறது என்று பெருமனத்துடன் மன்னித்துவிட்டு நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். சுமார் 27,000 கேலன் ஜெட் எரிபொருள், அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல், பாறைக்குள் இறங்கிப் போயிற்று. கருவிகள் பொய் சொல்லும், மனிதர்கள் சொல்ல மாட்டார்கள் என்று நம்பும் அந்தக் கள்ளமற்ற நெஞ்சை எவ்வளவு வாழ்த்தினாலும் தகும்.

அதற்கு அடுத்த ஆண்டு, சுற்றுச்சூழல் முகமையுடனும் ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறையுடனும் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தொட்டிகளை மேம்படுத்த வேண்டும் என்றார்கள். அவசரம் அறிவின்மையின் அடையாளம் என்பதை அறிந்த பெருமக்கள், 2019-இல் ஒரு திட்டம் வரைந்தார்கள். இரட்டைச் சுவருக்கு இணையான பாதுகாப்பு செய்வோம், இல்லையேல் எண்ணெயை வேறிடம் மாற்றுவோம், எப்போது? சுமார் 2045-இல்! நூறாண்டு காணும் தொட்டிக்கு அந்த வயதில் சட்டை தைத்துப் போடுவது என்ற இந்த முடிவில் எத்தனை நிதானம், எத்தனை கனிவு! திட்டம் வரைவதற்கு முந்தைய ஆண்டு பெருமக்களே பணம் கொடுத்து வாங்கிய இடர் மதிப்பீடு ஒன்று, 1,000 முதல் 30,000 கேலன் வரை திடீரெனக் கொட்டும் வாய்ப்பு ஆண்டுதோறும் 27.6 விழுக்காடு உண்டு என்று கணக்குச் சொல்லியிருந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை என்று சாமானியன் இதை மொழிபெயர்த்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வான். பெருமக்களோ மீதியுள்ள 72.4 விழுக்காட்டை எண்ணி நிம்மதியாகத் துயின்றார்கள். நன்மையை மட்டுமே நோக்கும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இத்தனை அருளுக்கு நடுவிலும் ஊரில் ஒரு சஞ்சலப் பேர்வழி இருந்தார். ஹொனலூலு குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் எர்னி லாவ். தண்ணீரைக் காப்பதற்காகச் சம்பளம் வாங்கியதால் தண்ணீரைக் காக்க வேண்டும் என்ற விந்தையான எண்ணம் அவருக்கு. எண்ணெயை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டே இருந்தார். பெருமக்கள் ஒருநாளும் அவர்மீது சினந்ததில்லை. பொறுமையுடன் கேட்டுவிட்டுப் பொறுமையுடன் மறந்தார்கள்.

இனி 2021 மே 6. இந்த நாளின் சிறப்பைச் சொல்ல ஒரு நாவு போதாது. எரிபொருளை மாற்றும்போது வால்வுகளைத் திறக்கும் வரிசை பிசகியது. குழாயில் அழுத்தம் எகிறி இணைப்புகள் பிளந்தன. கொட்டியது எவ்வளவு? 1,618 கேலன் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு என்று மழுப்பும் பழக்கம் சோம்பேறிகளுடையது. இவர்கள் கடைசி இலக்கம் வரை எண்ணும் தவசிகள். அதிலும் 38 கேலன் தவிர அனைத்தையும் மீட்டுவிட்டதாக உரைத்தார்கள். உண்மையில் கொட்டியது சுமார் 20,000 கேலன். தொட்டிக் கணக்கில் அந்த 20,000 இடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் பெட்டிக்கடைக்காரரும் கடையை அடைத்துவிட்டுத் தேடுவார். உலகின் மாபெரும் கடற்படையோ சில்லறைக்கு அலையவில்லை.

அந்தப் பெரும்பங்கு எண்ணெய் எங்கே போயிற்று? தீயணைப்பு நுரை வடிவதற்காகச் சுரங்கத்தின் கூரையோரம் ஓடிய பிவிசி குழாய்க்குள் ஏறிப் பத்திரமாக அமர்ந்துகொண்டது. உறியில் வெண்ணெய் தொங்கியதுபோல் ஆயிரக்கணக்கான கேலன் ஜெட் எரிபொருள் ஆள் நடக்கும் பாதைக்கு மேலே அரையாண்டுக்கு மேல் தொங்கியது. பாரம் தாங்காமல் குழாய் தொய்ந்தது. தொய்ந்த குழாயைப் பார்த்து இது ஏன் தொய்கிறது என்று கேட்பது அநாகரிகம். அந்த அநாகரிகத்துக்கு அங்கே இடமில்லை. தீயை அணைக்கும் குழாயிலேயே தீப்பிடிக்கும் பொருளைச் சேமித்த சிக்கனத்தை எந்தப் பொருளாதார நிபுணரும் இதுவரை எட்டியதில்லை.

நவம்பர் 20. சுரங்கத்தில் பணியாளர்களைக் கொண்டுசெல்லும் ஒரு சிறு வண்டி, தொய்ந்து தாழ்ந்திருந்த அந்தக் குழாயின் வடிகால் வால்வில் மோதியது. எண்ணெய் பீறிட்டது. அதே சுரங்கத்தின் வாய்ப்பக்கத்தில்தான் ரெட் ஹில் குடிநீர்க் கிணறும் அமைந்திருந்தது. எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே வீட்டில் குடிவைத்து வளர்த்த ஒற்றுமை உணர்வின் பயன் அது. எரிபொருளும் தண்ணீரும் கலந்த 14,000 கேலன் கொட்டியது, அடக்கிவிட்டோம், வெளியே கசிந்ததற்கு அறிகுறி இல்லை என்றார்கள். உண்மை அதைவிடப் பெரிது. ஆனால் தற்புகழ்ச்சி கூடாது என்று சான்றோர் சொல்லியிருப்பதால் பெருமக்கள் தங்கள் சாதனையைக் குறைத்தே பேசினார்கள்.

ஒரு வாரம் சென்றது. கடற்படைக் குடியிருப்புகளில் குழாயைத் திறந்தவர்களின் மூக்கில் முதலில் ஆய்வு தொடங்கிற்று. சமையலறையில் பெட்ரோல் பங்க் வாசனை. கிண்ணத்தில் பிடித்த தண்ணீரின் மேல் மின்னும் மெல்லிய எண்ணெய்ப் படலம். குளித்த குழந்தைகளின் உடம்பில் தடிப்பு. பெரியவர்களுக்கு வாந்தி, தலைவலி, வயிற்றெரிச்சல். அந்த நீர்வழங்கலை நம்பி இருந்தவர்கள் சுமார் 93,000 பேர். பெரும்பாலோர் கடற்படையினரின், படைவீரர்களின் குடும்பங்கள். தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கே முதல் குவளையைக் கொடுத்த இந்தப் பற்றின்மையை என்னென்று வியப்பது! அந்த வேளையில் தளபதி ஒருவர் தம் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: தண்ணீர் பாதுகாப்பற்றது என்று காட்டும் உடனடி அறிகுறி ஏதுமில்லை; நானும் என் அலுவலர்களும் இதையே குடிக்கிறோம். மூக்கு என்ற பழமையான கருவியை நம்பிய தாய்மார்களை இவ்வளவு மென்மையாகத் திருத்தியவர் வரலாற்றில் எவருமில்லை. பின்னர் அவரே மன்னிப்புக் கேட்டது அவரின் பணிவு.

டிசம்பர் தொடக்கத்தில் கிணற்று நீரில் பெட்ரோலியம் இருப்பதை ஆய்வகமும் ஒப்புக்கொண்டது. மாநிலச் சுகாதாரத் துறை வெளியிட்ட முடிவில், ரெட் ஹில் கிணற்றில் டீசல் வகைப் பெட்ரோலியம் பாதுகாப்பு அளவைப்போல் 350 மடங்கு இருந்தது. எதைச் செய்தாலும் அளவை மிஞ்சிச் செய்வது பெரியோர் வழக்கம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு விடுதிகளுக்குப் போயின. சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற தீவில், அங்கேயே குடியிருப்பவர்களும் விடுதியில் தங்கி மகிழ வேண்டும் என்று நினைத்த விருந்தோம்பலுக்கு ஈடு உண்டா?

ஆய்வு செய்வோருக்குப் பெருமக்கள் விட்டுச்சென்ற செல்வத்தைச் சொல்லாவிட்டால் இந்த வாழ்த்துரை குறைபட்டுப் போகும். மண்ணிலும் பாறையிலும் கொட்டிய எண்ணெய் ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்கும் அடிமை அன்று. ஒரு பகுதி நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடுவதில்லை. ஒரு பகுதி நீர்மட்டத்தை அடைந்து மேலே மிதக்கிறது. நீர்மட்டம் மழையில் ஏறி வறட்சியில் இறங்கும்போது தானும் ஏறி இறங்கி, அந்த இடைவெளிப் பாறை முழுவதும் பூசிவிடுகிறது. பென்சீன் போன்றவை கரைந்து நீரோட்டத்தோடு பயணம் போகின்றன. ஆவியாகும் பகுதி மேலெழுந்து வருகிறது. மணற்பாங்கான நிலத்தில் இதைத் துரத்திப் பிடிப்பதற்குப் பத்துக் கிணறு போதும் என்றால், எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த ஓஆஹுவின் பாறையில், ஓர் அடுக்கு ஓடையாகவும் அடுத்த அடுக்கு சுவராகவும் இருக்கும்போது, நூறு கிணறு தோண்டினாலும் நடுவே ஒரு வழி நழுவும். தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற ஆதாரக் கேள்வியிலேயே கடற்படைக்கும் கண்காணிப்பு அமைப்புகளுக்கும் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. கேள்விக்கு விடை கிடைப்பதற்கு முன்பே மேலே 20 தொட்டிகளை நிரப்பி வைத்த துணிவுக்கு முன் விஞ்ஞானம் கைகட்டி நிற்கிறது.

அந்த ஐயத்தின் பயனாகவே, எர்னி லாவின் வாரியம் ரெட் ஹில்லுக்கு அண்டையிலுள்ள தன் ஹலாவா கிணற்றை மூட நேர்ந்தது. ஹொனலூலு நகரத்தின் குடிநீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்த கிணறு அது. இறைத்தால் எண்ணெயைத் தன் பக்கம் இழுத்துவிடுமோ என்று அஞ்சிக் கைகளைக் கட்டிக்கொண்டது வாரியம். ஒரு சொட்டும் போய்ச் சேராத கிணற்றையும் மௌனமாக்கும் இந்தச் செல்வாக்கை எந்தச் சக்கரவர்த்தியின் பெயராவது பெற்றதுண்டா?

ஆளுநரின் அரசு டிசம்பர் 6 அன்று, தொட்டிகளை நிறுத்துங்கள், எண்ணெயை வெளியேற்றுங்கள் என்று அவசர ஆணை பிறப்பித்தது. அதையும் நெஞ்சுயர்த்தி எதிர்த்து வாதிட்டார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். தாகத்தில் இருப்பவனிடம் வழக்காடுவது எத்தனை உறுதியான நெஞ்சுக்கு முடியும்! 2022 மார்ச்சில் பாதுகாப்புத் துறைச் செயலர் மூடும் முடிவை அறிவித்தார். 10.4 கோடி கேலன் எண்ணெய் 2024 மார்ச்சுக்குள் வெளியேறியது. முன்பெல்லாம் இடம் மாற்ற முடியாது என்று சொல்லப்பட்ட அதே எண்ணெய் இத்தனை சுலபமாகக் கப்பலேறிப் போனது. இடையே 2022 நவம்பரில், முந்தைய கசிவுக்கு ஏறத்தாழ ஓராண்டு முடிந்த நேரத்தில், தீயணைப்பு நுரைச் செறிவு சுமார் 1,300 கேலன் கொட்டி மண்ணையும் அள்ளவைத்தது. எண்ணெய் தொடாத வகை நஞ்சும் இந்த நிலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற பாரபட்சமற்ற நோக்கம் அது.

நீதி வழங்கிய அழகையும் பாட வேண்டும். கடற்படையே நடத்திய விசாரணை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று எழுதியது. 2023-இல் மூன்று பெரிய அதிகாரிகளுக்குக் கண்டனத் திருமுகங்கள் சென்றன. மூவரும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள். யார் வேலையும் போகவில்லை, யார் சம்பளமும் குறையவில்லை. குற்றவாளியைத் துன்புறுத்தாமல் குற்றத்தை மட்டும் தண்டிக்கும் இந்த நுட்பம் அறநூல்களுக்கே புதிது. 2025-இல் நீதிமன்றம், முதற்கட்டமாக வழக்கு நடந்த 17 பேருக்கு மொத்தம் சுமார் 6,80,000 டாலர் இழப்பீடு விதித்தது. சிலருக்குக் கிடைத்தது 5,000 டாலர் அளவுதான். நோயாளியின் கைக்குப் பெரும்பணம் சேர்ந்தால் அவன் மனம் கெட்டுவிடும் என்ற அக்கறை அதில் மிளிர்கிறது.

ஓஆஹுவின் மலைமீது விழும் மழை பாறை வழியாக வடிந்து நிலத்தடி நீரை அடைய ஏறத்தாழ 25 ஆண்டு ஆகும் என்கிறது குடிநீர் வாரியம். இன்று பெய்யும் மழை 2050 வாக்கில்தான் கிணற்றைச் சேரும். இந்தச் சபையில் இருக்கும் அதிகாரிகள் எவரும் அப்போது பதவியில் இருக்க மாட்டார்கள். பாறைக்குள் ஒட்டிய எண்ணெய் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகும் பிள்ளை, தாங்கள் முகம் காணாத பிள்ளை, தங்கள் திருப்பெயரைத் தெரியாமலே தங்கள் கொடையைப் பெற்றுக்கொள்ளும். பெறுபவர் அறியாமல் கொடுப்பதுதானே தலைசிறந்த கொடை!

பெருமக்களே, வாழ்த்திப் பாடியவர் பரிசில் கேட்பது மரபு. பொன்னும் யானையும் எனக்கு வேண்டாம். தொட்டிகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கண்காணிப்புக் கிணற்றின் ஒவ்வொரு மாதிரியும், எடுத்த நாளும் கண்ட அளவும், கூட்டாமல் குறைக்காமல், குழாயடியில் நிற்கும் தாயின் மூக்குக்கு எட்டும் முன்பே ஊரார் கைக்கு வந்து சேர அருள வேண்டும். கொட்டியது 20,000 என்றால் 20,000 என்றே சொல்ல வேண்டும். அவ்வளவே என் விண்ணப்பம். தாங்கள் அதை நிறைவேற்றினால் இதுபோன்ற இன்னொரு வாழ்த்துரை பாடும் வாய்ப்பு எந்தப் புலவனுக்கும் இனிமேல் வராது. அந்த இழப்பைத் தமிழ் தாங்கிக்கொள்ளும்.